அருட்கண்ணும் அறிவுக்கண்ணும்

உலகில் கண்ணுடையார் பலர். காண வல்லவர் சிலர். வழியோரத்தில் நோயுற்றுக் கிடக்கும் ஒருவனைப் பலரும் பார்க்கின்றனர். ஒருவர் முகம் சுளித்து விலகுகின்றார். மற்றொருவர் மனம் இரங்கிக் காசு ஒன்றை எறிந்துவிட்டு அகலுகின்றார். வேறொருவர் அவனது நோயை மட்டும் நோக்கி, அதற்குப் பெயரிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டு செல்கின்றார். இம்மூவருள் ஒருவரும் அம்மனிதனை முழுமையாகக் கண்டவர் ஆகார். முதல்வரிடம் அருள் இல்லை. இரண்டாமவரிடம் அருள் உண்டு, ஆராயும் அறிவு இல்லை. மூன்றாமவரிடம் அறிவு உண்டு, அருள் இல்லை. பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்ளாதார்க்கு அறிவினால் விளையும் பயன் யாது என்று வள்ளுவர் வினவினார். பிணியைத் தீர்க்கப் புகுவோர் அதன் மூலத்தை ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்று அறிவுறுத்தியவரும் அவரே. ஆகவே, அருளும் அறிவும் சேர்ந்தபோதுதான் பார்வை நிறைவு பெறும்.

இவ்விரு கண்களாலும் தொழுநோயாளரைக் கண்ட மருத்துவர் ஒருவர் தமிழகத்தில் பிறந்து, தமிழகத்திலேயே தம் அரும்பணியைத் தொடங்கினார். அவர் பெயர் பால் பிராண்ட். அவர் பெற்றோர் ஆங்கிலேயர். கிறித்தவ நம்பிக்கையே அவருக்கு அவ்விரு கண்களையும் திறந்துவைத்தது.

விலக்கப்பட்ட மக்கள்

தொழுநோய் மிகப் பழைய காலந்தொட்டு மக்களை வருத்தி வந்துள்ளது. அந்நோய் உற்றோரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்தல் பல நாடுகளிலும் வழக்கமாக இருந்தது. முன்வினையின் பயன் என்றும், தெய்வத்தின் சீற்றம் என்றும் அதனைக் கருதினர். நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் என்பவர், அந்நோய்க்குக் காரணமாகிய நுண்கிருமியை 1873-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நோயின் காரணம் தெரிந்த பின்னரும் மக்கள் மனத்தில் வேரூன்றிய அச்சம் எளிதில் அகலவில்லை. இந்தியாவில் 1898-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வறியராகிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்கவும் வழி செய்தது.

யூதர்களின் பழைய மறைநூலும் இத்தகைய தோல்நோய் உற்றோர் பாளையத்திற்கு வெளியே தனித்து வாழவேண்டும் என்று விதித்திருந்தது. அந்நூல் கூறும் தோல்நோய்கள் யாவும் இக்காலத்துத் தொழுநோயே என்று கொள்ளுதற்கில்லை. ஆயினும், ஒதுக்கப்பட்டோர் உற்ற துயர் ஒன்றே. அத்தகையான் ஒருவன் இயேசு பெருமான் முன் வந்து முழந்தாளிட்டு, தன்னைத் தூய்மையாக்குமாறு வேண்டினான் என்றும், அவர் மனம் உருகிக் கையை நீட்டி அவனைத் தொட்டார் என்றும் நற்செய்தி நூல் கூறுகிறது. அவர் தொலைவில் நின்றே ஒரு சொல்லால் அவனைக் குணப்படுத்தியிருக்கலாம். தொடலாகாது என்று உலகம் விலக்கிய உடம்பை அவர் தொட்டார். இந்நிகழ்ச்சி, பால் பிராண்டின் வாழ்க்கை முழுவதற்கும் வழிகாட்டியாய் அமைந்தது.

மலையில் கழிந்த இளமை

பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். அவர் தந்தையார் ஜெஸி பிராண்ட், தாயார் ஈவ்லின். இருவரும் கிறித்தவத் தொண்டர்கள். ஜெஸி பிராண்ட் மலைவாழ் மக்களின் நோய்களுக்கு மருந்து அளித்தார். மரவேலை, கட்டட வேலை முதலிய தொழில்களைக் கற்பித்தார். கறையான் புற்றையும் சிலந்தி வலையையும் தம் மக்களுக்குக் காட்டி, படைப்பில் விளங்கும் ஒழுங்கை வியந்து பேசுவது அவர் வழக்கம்.

ஒரு நாள் பிற்பகல், தொழுநோயுற்ற மூவர் அவ்வீட்டை நாடி வந்தனர். ஜெஸி பிராண்ட் கையுறை அணிந்து அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். ஈவ்லின் ஒரு கூடையில் பழங்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். அவர்கள் பழங்களை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுச் சென்றனர். அக்கூடை எரிக்கப்பட்டது. அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் விளையாடலாகாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை பிறந்தது. மற்றெந்த நோயாளியிடத்தும் அஞ்சாத தந்தையார் இம்மூவரிடத்து மட்டும் அஞ்சியதைச் சிறுவன் பால் கண்டான். அன்பு மிக்க உள்ளத்திலும் அறியாமையால் அச்சம் குடிபுகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

ஒன்பதாம் அகவையில் பால் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ஆம் ஆண்டில் தந்தையார் கொல்லிமலையில் கொடிய காய்ச்சலால் இறந்தார். இறப்புச் செய்தி தந்தி வாயிலாக விரைந்து சென்றது. அவர் முன்னரே எழுதியிருந்த மடல்களோ கப்பலில் மெல்லச் சென்று, அதன் பின்னரும் சில வாரங்கள் மகனுக்குக் கிடைத்துவந்தன. மறைந்த தந்தையின் அன்புமொழிகளைப் படித்த இளைஞர் உள்ளத்தில், அவர் விட்டுச் சென்ற பணியின் மீது பற்று வளர்ந்தது. தாயார் ஈவ்லினும் மலைமக்களைக் கைவிடவில்லை. முதுமையிலும் குதிரை ஏறி மலைதோறும் சென்று தொண்டாற்றி, 1974-ஆம் ஆண்டில் தம் 95-ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

பால் முதலில் மருத்துவம் பயிலவில்லை. தந்தையைப் போலத் தொண்டாற்ற விரும்பிய அவர், கட்டடத் தொழிலையும் தச்சுத் தொழிலையும் சில ஆண்டுகள் பயின்றார். பின்னரே லண்டனில் மருத்துவக் கல்வி பெற்று அறுவை மருத்துவர் ஆனார். உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகிய கை பின்னாளில் வேறொரு வகையில் பயன்பட இருந்ததை அவர் அப்போது அறியார்.

ஒரு வினா

1946-ஆம் ஆண்டின் இறுதியில் பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்தார். அது, ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ மனையினின்றும் வளர்ந்த நிறுவனம். அடுத்த ஆண்டில் அவர் செங்கற்பட்டை அடுத்திருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றார். தொழுநோய் மருத்துவத்தில் புகழ் பெற்ற ராபர்ட் காக்ரேன் என்னும் பெரியார் அவரை அழைத்துச் சென்று காட்டினார்.

நோயாளர் பலருடைய விரல்கள் பறவையின் நகங்களைப் போல வளைந்து மடங்கியிருந்தன. அதற்குக் காரணம் யாது என்று பால் பிராண்ட் வினவினார். எலும்பையும் தசையையும் பற்றிக் கற்ற அறுவை மருத்துவரே அதற்கு விடை கூறவேண்டும் என்றும், அத்துறையினர் ஒருவரும் இந்நோயாளரை இதுகாறும் ஏறிட்டுப் பார்த்ததில்லை என்றும் காக்ரேன் வருத்தத்தோடு மொழிந்தார். அச்சொற்கள் இளம் மருத்துவரின் நெஞ்சில் தைத்தன.

சிறிது நேரத்தில், விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, இயன்ற அளவு இறுக்கிப் பிடிக்குமாறு அவர் கூறினார். நோயாளியின் பிடி வலுவற்றிருக்கும் என்றே எண்ணினார். ஆனால், இரும்புக் கிடுக்கி போன்ற பிடியில் அகப்பட்டு அவர் வலியால் துடித்தார். உணர்விழந்து பயனற்றதாய்த் தோன்றிய அக்கையில் நல்ல தசைகளும் இருந்தன! அவ்வாறாயின், எவை கெட்டன? எவை கெடாது எஞ்சின? கெடாதவற்றைக் கொண்டு கெட்டவற்றின் குறையைப் போக்க இயலுமா? இவ்வினாக்களை ஆராய்வதே தம் வாழ்வின் பணி என்று அவர் அன்றே உறுதி பூண்டார்.

தோளில் வைத்த கை

அறிவு இவ்வாறு வினாவை எழுப்பியது. அருள் எத்துணை ஆற்றல் உடையது என்பதை மற்றொரு நிகழ்ச்சி அவருக்கு உணர்த்தியது. ஒரு நாள் இளைஞன் ஒருவனைச் சோதித்த அவர், அவனுடைய தோளில் கையை வைத்து, அளிக்கவிருக்கும் மருத்துவத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென அவன் தேம்பி அழுதான். தாம் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டோமோ என்று அஞ்சித் துணைவரைக் கேட்டார். துணைவர் அவனிடம் வினவி அறிந்து, “தாங்கள் தோளில் கை வைத்ததனால் அழுகின்றான், பல ஆண்டுகளாக இவனை ஒருவரும் தொட்டதில்லையாம்” என்ற கருத்துப்படக் கூறினார்.

அவ்விளைஞனுக்கு அந்தத் தொடுகையே முதல் மருந்தாயிற்று. தாமும் பிறரைப் போல ஒரு மனிதரே என்பதை அவன் அக்கையினால் உணர்ந்தான். நற்செய்தி நூலில் இயேசு பெருமான் ஏன் கையை நீட்டித் தொட்டார் என்பதன் பொருளைப் பால் பிராண்டும் அன்று நன்கு விளங்கிக்கொண்டார்.

நோயின் மூலம்

தொழுநோயாளரின் தசை கெட்ட தசை என்றும், அது தானாகவே அழுகி உதிரும் என்றும், அறுவை செய்தால் புண் ஆறாது என்றும் மருத்துவர்களே அக்காலத்தில் எண்ணியிருந்தனர். பால் பிராண்ட் அதனை ஆராயாமல் ஏற்கவில்லை. மனித உடம்பு கடவுளின் வியத்தகு படைப்பு என்பது அவர் நம்பிக்கை. அத்தகைய உடம்பில் நேரும் கேட்டிற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அதனைத் தேடினால் காணலாம் என்று அவர் துணிந்தார். பலர் நம்பிக்கையைக் காரணம் காட்டி ஆராய்ச்சியை நிறுத்துவர். அவரோ நம்பிக்கையினாலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. நோய்க்கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை நாடுகிறது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அருகே, தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகள் வீங்கிக் கெடுகின்றன. அவற்றால் இயங்கும் தசைகள் செயலிழக்கின்றன; உணர்ச்சியும் மறைகின்றது. உடம்பின் ஆழத்தில் செல்லும் நரம்புகளால் இயங்கும் தசைகளோ பெரும்பாலும் கெடுவதில்லை.

விரல்கள் குறைந்து போவதற்கும் காரணம் தெரிந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் பால் பிராண்ட் தடுமாறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருகிவிட்டான். தரையில் குருதித் துளிகள் சிந்தின. சாவி அவன் விரலை எலும்பு தெரியுமளவு அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை. வலியை உணராமையால் நோயாளர் தம் கைகளைத் தாமே புண்படுத்திக்கொள்கின்றனர் என்பது தெளிவாயிற்று. சூடான கலம், கரடான கருவிப்பிடி, காலைக் கடிக்கும் செருப்பு என ஒவ்வொரு புண்ணுக்கும் உரிய காரணம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது.

எனினும், இரவில் சிலருடைய விரல்கள் குறைந்துபோன புதிர் மட்டும் விளங்காமல் இருந்தது. விழித்திருந்து காவல் காத்தபோது, உறங்குவோரின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது. தெய்வத்தின் ஒறுப்பு என்று அஞ்சப்பட்டதற்கு ஒரு பூனையே காவலாயிற்று! காரணம் அறிந்த இடத்தில் கலக்கம் நீங்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

வலியின் அருமையைப் பால் பிராண்ட் தம் உடம்பிலும் உணர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு நாள் இரவு, நெடும்பயணத்தால் களைத்திருந்த அவர், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாமையைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் பற்றிவிட்டது என்று எண்ணி, மனைவி மக்களைப் பிரிந்து வாழவேண்டி வருமே என்று இரவெல்லாம் கண்ணுறங்காது கலங்கினார். பொழுது விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீரென்று வலித்தது! அவ்வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். நீண்ட நேரம் அமர்ந்திருந்தமையால் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. ஆயினும், தம் நோயாளர் ஒவ்வொருவரும் கடந்து வந்த இருண்ட இரவை அவரும் அன்று ஒரு முறை கடந்தார்.

கை பெற்றவர் வாழ்வு பெறல்

பால் பிராண்டும் அவர் துணைவரும் அறுவை மருத்துவத்தில் ஒரு புதுவழி கண்டனர். முன்கையில் கெடாதிருக்கும் தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைத்தனர். புண்ணும் நன்றாக ஆறிற்று. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பல ஆண்டுகள் பிசைந்து உண்ண இயலாதிருந்தவர் தம் கையாலேயே சோறு எடுத்து உண்டனர். கண்மருத்துவராகிய அவர் மனைவி மார்கரெட் அம்மையார், உணர்ச்சி குன்றி இமைக்க மறந்த கண்களைக் காக்கும் வழிகளை ஆராய்ந்தார். உதிர்ந்த புருவத்திற்கு மாற்றாகத் தலைத்தோலின் ஒரு பகுதியைப் பொருத்தும் முறையும் கையாளப்பட்டது. புருவம் இன்மையே நோயைப் பிறர்க்குக் காட்டிக்கொடுத்து, பிழைப்பைக் கெடுத்து வந்தது என்பதை நினைத்தால், இச்சிறு உதவியின் பெருமை விளங்கும்.

ஆனால், நலம் பெற்றுச் சென்றவர் சிலர் துயரத்தோடு திரும்பி வந்தனர். விரல் மடங்கியிருந்தபோது இரந்து உண்டனர். விரல் நிமிர்ந்தபின் பிச்சை இடுவார் குறைந்தனர். தொழுநோயின் தழும்பு இருந்தமையால் வேலை தருவாரும் இலர். கையைத் திருத்தினோம், மனிதரை வாழவைத்தோமா என்ற வினா மருத்துவர் முன் எழுந்தது. அதன் விடையாகக் கல்லூரி வளாகத்தில் சிற்றூர் போன்ற புதுவாழ்வு நிலையம் ஒன்று அமைந்தது. அங்கே நோயாளர் தச்சுத் தொழில் கற்று, மரப்பொம்மைகள் முதலியன செய்தனர். உணர்ச்சியற்ற கைகளைக் காயப்படாமல் பயன்படுத்தவும் பழகினர். பால் பிராண்ட் இளமையில் கற்ற தச்சு இங்குக் கைகொடுத்தது. 1955-ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் நிறுவப்பட்டது.

இழந்ததை மட்டும் எண்ணாது எஞ்சியதையும் காணும் இப்பார்வை தொழுநோயாளரோடு நின்றுவிடவில்லை. அக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த ஊர்தி விபத்தினால் கால்கள் செயலற்றுப் போனார். இனித் தமக்கு வாழ்வில்லை என்று அவர் கலங்கினார். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று பால் பிராண்ட் அவருக்கு ஊக்கமளித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவையாளராய் அவ்வம்மையார் விளங்கினார். பின்னர், உறுப்பிழந்தோர் மறுவாழ்வுத் துறையில் வழிகாட்டியாய்த் திகழ்ந்து, 1972-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இன்னும் எஞ்சியிருப்பது

பால் பிராண்ட் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றி, 2003-ஆம் ஆண்டில் மறைந்தார். மருத்துவ அறிவோ அவருக்குப் பின்னும் வளர்ந்துவருகிறது. பல மருந்துகளை ஒருங்கே அளிக்கும் கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதனால் தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடியதாயிற்று. தொடக்கத்திலேயே மருந்து உண்டால் உறுப்புக் கேட்டையும் தடுக்கலாம். 1898-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையும் 2019-ஆம் ஆண்டில் இந்தியச் சட்டங்களினின்றும் அகற்றப்பட்டது.

கிருமியை மருந்து கொல்லும். சட்டத்தை மன்றம் திருத்தும். மனத்தில் உறையும் அருவருப்பை அகற்றும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உரியது. இன்றும் நோய் நீங்கிய பின்னரும் பழி நீங்காது வருந்துவோர் உளர். பள்ளியிலும் தெருவிலும், வேறு குறைகளின் பொருட்டு ஒதுக்கப்படுவோரும் பலர் உளர். மந்தன் என்றும் முரடன் என்றும் பெயரிட்டு ஒருவனை ஒதுக்குவது எளிது. அவன் அவ்வாறு ஆனதற்குக் காரணம் யாது, அவனிடம் கெடாது எஞ்சியிருக்கும் நல்லாற்றல் யாது என்று பொறுமையோடு ஆராய்வதே அறிவுடைமை. அவ்வாறு ஆராய்வதற்கு முன்னர் அவன் தோளில் அன்போடு கை வைத்தல் அருளுடைமை.

ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பது கிறித்தவ சமயத்தின் கொள்கை. பால் பிராண்ட் அக்கொள்கையை நாவினால் போற்றியதோடு அமையாது, மடங்கிய விரல்களிலும் உதிர்ந்த புருவத்திலும் மறைந்திருந்த அச்சாயலைத் தேடிக் கண்டார். தொடுவதற்கு அஞ்சாத கையும், காரணம் காணும் வரை ஓயாத அறிவும் நமக்கும் வாய்க்குமாயின், இவ்வுலகில் தீண்டத்தகாதவர் என்றும் பயனற்றவர் என்றும் ஒருவரும் இரார்.